டிரக் இழுக்கும் சரி, தாங்குமா? பெரிய டிராவல் டிரெய்லருக்கு ஏத்த பிக்கப்ப கணக்குப் போட்டு எடுக்குறது எப்படி

அமெரிக்கால இருக்குற நம்ம ஆளுங்க கொஞ்ச பேரு இப்ப ஹோட்டல் ரூம், ஏர்பிஎன்பி எல்லாம் விட்டுட்டு டிராவல் டிரெய்லர், அதாவது வண்டி பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற சின்ன வீடு, பக்கம் வர்றாங்க. கிச்சன் கூடவே வருது, பசங்களுக்கு பங்க் பெட் இருக்கு, ஊர்ல இருந்து வந்த அம்மா அப்பாவுக்கு பாத்ரூம் பிரச்சனை இல்ல, ரசம் சாதம் வெச்சு சாப்டுட்டே நேஷனல் பார்க் சுத்தலாம். எல்லாம் சரிதான், ஆனா இவங்க கேக்குற மொத கேள்வி எப்பவும் ஒண்ணுதான், "என் டிரக் பதினோராயிரம் பவுண்டு இழுக்கும்னு போட்டிருக்கு, டிரெய்லர் ஒம்பதாயிரம்தான், அப்ப ஓகேதானே?" பெரும்பாலும் ஓகே இல்ல. ஏன் இல்லன்னு நிதானமா சொல்றேன், ஏன்னா இந்த கணக்கு தப்பானா பாதிக்கப்படுறது நீங்க மட்டும் இல்ல, பக்கத்து லேன்ல வர்றவனும்தான்.

ஒரு டிரக், அதாவது பிக்கப் வண்டி, ரெண்டு வேலை செய்யணும். ஒண்ணு இழுக்குறது. இது எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் ரேஷியோ, ரேடியேட்டர் சம்பந்தப்பட்டது. இன்னொண்ணு தாங்குறது. இது ஸ்பிரிங், டயர், ஆக்ஸில், பிரேக், ஃபிரேம் சம்பந்தப்பட்டது. விளம்பரத்துல பெரிய எழுத்துல போடுற நம்பர் எல்லாம் இழுக்குற நம்பர். தாங்குற நம்பர் டிரைவர் கதவத் தொறந்தா உள்பக்கம் தூண்ல ஒரு சின்ன ஸ்டிக்கர்ல இருக்கும். ஹாஃப் டன் டிரக் (பெரிய பிக்கப்ல சாதாரண ரகம்) வெச்சிருக்குற குடும்பத்துக்கு எப்பவுமே மொதல்ல தீர்ந்து போறது இந்த தாங்குற சக்திதான், இழுக்குற சக்தி பாதி மிச்சம் இருக்கும்போதே இது காலியாயிடும்.

அந்த ஸ்டிக்கர மொத பாத்துருங்க. வெள்ளை ஸ்டிக்கர், மேல மஞ்சள் பட்டை, டயர் அளவும் காத்து அளவும் போட்டிருக்கும். அதுல ஒரு வரி, ஆளுங்க எடையும் சரக்கு எடையும் சேத்து இத்தன கிலோ அல்லது இத்தன பவுண்டுக்கு மேல போகக் கூடாதுன்னு இருக்கும். அதுதான் பேலோட். இது உங்க வண்டிக்குன்னே போட்ட நம்பர், அதே மாடல்ல பக்கத்து வீட்டுக்காரர் வண்டில வேற நம்பர் இருக்கும். சன்ரூஃப், ஃபோர் வீல் டிரைவ், பெரிய கேபின், 22 இன்ச் வீல், கரண்ட்ல நகர்ற லெதர் சீட்டுன்னு சொகுசு ஏற ஏற வண்டியோட சொந்த எடை ஏறுது, பேலோட் அந்த அளவுக்கு எறங்குது. அதனால டாப் மாடல் எடுத்தவங்களுக்குத்தான் பேலோட் ரொம்ப கம்மியா இருக்கும், இத டீலர்ஷிப்ல யாரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க. ஹாஃப் டன்னுன்னு சொல்றது 150, 1500ன்னு பேர் முடியுற வண்டிங்க, எஃப்-150, சில்வராடோ 1500, ராம் 1500 மாதிரி. இதுல குடும்பஸ்தன் வாங்குற நாலு கதவு மாடல்ல பேலோட் பெரும்பாலும் 1,200ல இருந்து 1,900 பவுண்டுக்குள்ள நிக்கும். ஃபுல் டேங்க் பெட்ரோல் எடைய வண்டி எடையிலயே சேத்துட்டாங்க, அத திரும்ப கழிக்க வேணாம். ஆனா டிரைவர் எடைய சேக்கல, அத நீங்கதான் கழிக்கணும். வாங்கினப்பறம் போட்ட பெட் கவர் (பெட்னா டிரக் பின்னாடி இருக்குற சரக்குத் தொட்டி), சைடு ஸ்டெப், டூல் பாக்ஸ் எல்லாத்தையும் கூட கழிக்கணும்.

டிரெய்லர் பின்னாடி சொந்த சக்கரத்துல உருண்டு வருது, அதுக்கும் பேலோடுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கலாம். சம்பந்தம் ஹிட்ச்சுலதான், அதாவது டிரக் பின்னாடி டிரெய்லர மாட்டுற இணைப்புலதான் இருக்கு. டிரெய்லரோட மூக்கு டிரக்கோட ஹிட்ச் பால்ங்குற இரும்பு உருண்டை மேல உக்காந்திருக்கு, அப்படி உக்கார்ற எடைக்கு டங் வெயிட்னு பேரு. மாட்டு வண்டில பாரம் ஏத்தத் தெரிஞ்சவங்க முன்பாரம் பின்பாரம் பாத்து ஏத்துவாங்க இல்லயா, முன்பாரம் ஜாஸ்தியானா நுகத்தடி மாட்டுக் கழுத்த அழுத்தும், பின்பாரம் ஜாஸ்தியானா நுகத்தடி மேல தூக்கி பூட்டாங்கயிறு கழுத்த இறுக்கும், அதே கதைதான் இங்கயும். டிராவல் டிரெய்லருக்கு மொத்த எடையில 10ல இருந்து 15 சதவீதம் ஹிட்ச் மேல உக்காரணும். பத்துக்குக் கீழ போனா டிரெய்லர் ரோட்டுல வால் ஆட்ட ஆரம்பிக்கும், ஸ்வேன்னு சொல்றாங்களே அதுதான், வேகத்துல அது ஆரம்பிச்சா டிரக்கையே கவுத்துடும். அதனால டங் வெயிட்ட கொறைச்சு பேலோட மிச்சம் பண்ணலாம்னு பின்னாடி சாமான் அடுக்குறது ரொம்ப ஆபத்தான யோசனை. கணக்குக்கு நான் 13 சதவீதம்னு எடுத்துக்குவேன்.

டிரெய்லர் எடையில எந்த நம்பர எடுக்கணும்னு அடுத்த குழப்பம். பிரோஷர்ல, சேல்ஸ்மேன் வாயில வர்றது டிரை வெயிட். தண்ணி இல்லாம, சாமான் இல்லாம, ஃபேக்டரில இருந்து வெளிய வந்த எடை. பெரும்பாலும் அதுல பேட்டரி கூட சேராது, ஏன்னா பேட்டரிய டீலர்தான் மாட்டுறாரு. அந்த எடையில எந்தக் குடும்பமும் ஒரு நாள் கூட டிரிப் போனதில்ல, அதனால அந்த நம்பர மறந்துருங்க. டிரெய்லரோட எடது பக்கம் வெளிய முன்னாடி ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதுல ஜிவிடபிள்யூஆர்னு ஒரு நம்பர் இருக்கும், சாமானோட சேத்து அந்த டிரெய்லர் அதிகபட்சம் இருக்கக்கூடிய எடை அது. வாங்குறதுக்கு முன்னாடி கணக்குப் போடறவங்க இந்த நம்பர வெச்சுத்தான் போடணும். டிரெய்லர்லயே ஒரு மஞ்சள் ஸ்டிக்கரும் இருக்கும், சரக்கு எவ்ளோ ஏத்தலாம்னும், தண்ணி டேங்க் ஃபுல்லா இருந்தா அதுல எவ்ளோ போயிடும்னும் அதுலயே எழுதியிருப்பாங்க.

இவ்ளோ எடை எங்க இருந்து வருதுன்னு நம்ப மாட்டேங்குறாங்க. தண்ணி ஒரு கேலன் 8.3 பவுண்டுக்கு மேல, 40 கேலன் டேங்க ரொப்பினா 330 பவுண்டு தாண்டிடும். சமையல் கேஸ் 20 பவுண்டு சிலிண்டர்னு சொல்றாங்களே, அது உள்ள இருக்குற கேஸ் எடை மட்டும், இரும்போட சேத்து தூக்கினா 37 பவுண்டு கிட்ட வரும், ரெண்டு சிலிண்டர், கூட ஒண்ணோ ரெண்டோ பேட்டரி, இதெல்லாம் மூக்கு மேலயே மாட்டியிருக்கு, அப்படியே டங் வெயிட்டுல போய் சேரும். நம்ம வீட்டு சமையல் சாமான் தனிக் கதை, 20 பவுண்டு பொன்னி அரிசி மூட்டை, ரெண்டு குக்கர், இட்லிப் பானை, இரும்பு தோசைக்கல்லு, அரைச்ச மாவு ரெண்டு பெரிய டப்பா, எண்ணெய் கேன், இப்படியே அலமாரில அடுக்கிப் பாருங்க, மெத்தை விரிப்பு துணிமணி எல்லாம் சேந்தா ஆயிரம் பவுண்டுங்குறது ரொம்ப சுலபமா வந்துரும். பல டிரெய்லர்ல படுக்கைக்கு அடியில, முன்னாடி இருக்குற பெரிய ஸ்டோரேஜ்லதான் எல்லாரும் கனமான சாமான போடுறாங்க, அது நேரா ஹிட்ச் மேல வந்து உக்காருது.

இப்ப ஒரு கணக்குப் போடுவோம், பேப்பர் எடுத்துக்கிட்டா நல்லது. ஹாஃப் டன் டிரக், விளம்பரத்துல 11,300 பவுண்டு, அதாவது அஞ்சு டன்னுக்கு மேல இழுக்கும்னு போட்டிருக்கு. கதவு ஸ்டிக்கர்ல பேலோட் 1,520, நம்ம கணக்குல 690 கிலோ. கணவர் 180, மனைவி 145, பசங்க ரெண்டு பேரு சேந்து 125, ஊர்ல இருந்து வந்த அம்மா 130, மொத்தம் 580. எடைய பிரிச்சுக் குடுக்குற ஹிட்ச், வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சுன்னு பேரு, அதோட இரும்பு எடை மட்டும் 90. பின்னாடி பெட்ல சின்ன ஜெனரேட்டர், ஐஸ் போட்ட கூலர், மடக்கு சேர், கிரில், பெட் கவர் எல்லாம் சேத்து 200. கூட்டினா 870. 1,520ல இருந்து 870 போனா மிச்சம் 650 பவுண்டு. அந்த 650 தான் டிரெய்லர் உங்க டிரக் மேல உக்கார மிச்சம் இருக்குற எடம். அது 13 சதவீதம்னா முழு டிரெய்லர் எவ்ளோ இருக்கலாம்? 5,000 பவுண்டு. விளம்பரம் சொன்னது 11,300, உங்க குடும்பத்துக்கு அந்த வண்டி குடுக்குறது 5,000. அம்மா வரலன்னு வெச்சுக்கிட்டாலும் 6,000 தான். ஒரு ஆளு ஏறினா டிரெய்லர்ல ஆயிரம் பவுண்டு கொறையுதுங்குறத நல்லா மனசுல வாங்கிக்கங்க, பேலோட்ல ஒவ்வொரு பவுண்டும் டிரெய்லர் பக்கம் ஏழெட்டு மடங்கா அடிக்குது.

அதே டிரக்குல 9,000 பவுண்டு டிரெய்லர மாட்டினா என்ன ஆகும்னும் பாத்துருவோம். டங் வெயிட் 1,170, கூட அந்த 870, மொத்தம் 2,040. ஸ்டிக்கர விட 520 பவுண்டு ஜாஸ்தி. ஆனா இழுக்குற கணக்குல பாஸாயிடும், அதுதான் ஏமாத்துற எடம். டிரக்கும் டிரெய்லரும் சேத்து மொத்தம் எவ்ளோ இருக்கலாம்னு ஜிசிடபிள்யூஆர்னு ஒரு நம்பர் உண்டு, இந்த மாதிரி வண்டிக்கு 17,100ன்னு வெச்சுக்குவோம். டிரக் சொந்த எடை 5,480, அதுல 870 சேத்தா 6,350, டிரெய்லர் 9,000, மொத்தம் 15,350. ஆயிரத்தி எழுநூத்தி அம்பது பவுண்டு மிச்சம். எஞ்சின் ஒரு முக்கல் முனகல் இல்லாம இழுத்துட்டுப் போகும், ஓட்டுறவருக்கும் பவர் இருக்கு, நல்லா போகுதுன்னுதான் தோணும். பின் ஸ்பிரிங்கும் பின் டயரும் படுற பாடு டிரைவர் சீட்ல தெரியாது, திடீர்னு பிரேக் அடிக்கிற அன்னைக்கோ, குறுக்குக் காத்து அடிக்கிற அன்னைக்கோதான் தெரியும்.

அப்ப அந்த 11,300 பொய்யா? பொய்யெல்லாம் இல்ல. எஸ்ஏஇங்குற வாகன எஞ்சினியர்கள் அமைப்போட ஜே2807ன்னு, இழுக்குற அளவ சோதிக்க ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, முன்னாடி எல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் அவங்கவங்க இஷ்டத்துக்கு நம்பர் போட்டுட்டு இருந்தாங்க, டொயோட்டா 2011 மாடல்ல மொதல்ல இந்த ஸ்டாண்டர்ட ஏத்துக்கிட்டாங்க, மத்தவங்க அதுக்கப்பறம் சில வருஷத்துல வந்தாங்க. நல்ல கடுமையான டெஸ்ட்தான். அரிசோனால புல்ஹெட் சிட்டி பக்கம் டேவிஸ் டேம் ஏத்தம், 11.4 மைல்ல 3,000 அடி ஏறணும், நூறு டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், ஏசி ஃபுல்லா ஓடணும், சாதாரண பிக்கப்னா 40 மைல் வேகத்துக்குக் கீழ போகவே கூடாது. எஞ்சினயும் கூலிங்கயும் இதுக்கு மேல சோதிக்க முடியாது. ஆனா அந்தக் கணக்குல வண்டிக்குள்ள ரெண்டே பேரு, ஆளுக்கு 150 பவுண்டு. டங் வெயிட் 10 சதவீதம். அஞ்சு பேரு, கூலர், ஜெனரேட்டர், 13 சதவீதம்னு வர்ற உங்க குடும்பம் அந்த டெஸ்ட்ல இல்ல.

இதுக்கு அடுத்து பின் ஆக்ஸில். ஜிஏடபிள்யூஆர்னு கதவுலயே இன்னொரு ஸ்டிக்கர்ல முன் ஆக்ஸிலுக்கு இவ்ளோ, பின் ஆக்ஸிலுக்கு இவ்ளோன்னு இருக்கும். ஹிட்ச் பால் பின் சக்கரத்துக்கும் பின்னால நாலஞ்சு அடி தள்ளி இருக்கு இல்லயா, அதனால அங்க 1,000 பவுண்டு வெச்சா பின் ஆக்ஸில்ல 1,000 மட்டும் ஏறாது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 145 இன்ச், ஹிட்ச் உருண்டை பின் ஆக்ஸில்ல இருந்து 58 இன்ச் தள்ளின்னு வெச்சா பின் ஆக்ஸில்ல 1,400 ஏறும், முன் ஆக்ஸில்ல 400 கொறையும். முன் சக்கரம்தான் ஸ்டியரிங், பிரேக்குல பாதிக்கு மேல வேலையும் அதுதான் பாக்குது, அதுல இருந்து 400 பவுண்டு தூக்கிட்டா வண்டி மிதக்குற மாதிரி இருக்கும், ஹெட்லைட் எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும். இதுக்குத்தான் அந்த வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச். ரெண்டு ஸ்பிரிங் கம்பிய இறுக்கி மாட்டும்போது பின்னாடி அழுத்துற எடையில ஒரு பங்க முன் ஆக்ஸிலுக்கும் கொஞ்சம் டிரெய்லர் ஆக்ஸிலுக்கும் தள்ளி விடும். பல ஹாஃப் டன் டிரக்ல 5,000 பவுண்டுக்கு மேல டிரெய்லர்னா இது கட்டாயம்னு மேனுவல்லயே போட்டிருக்காங்க. டிரக்குக்கு அடியில குனிஞ்சு ஹிட்ச் ரிசீவர்ல (ஹிட்ச்ச சொருகுற சதுரக் குழாய்) ஒட்டியிருக்குற ஸ்டிக்கர படிச்சுப் பாருங்க, இந்த ஹிட்ச் இல்லாம எவ்ளோ, இருந்தா எவ்ளோன்னு ரெண்டு வரி தனித்தனியா இருக்கும்.

இங்க ஒரு தப்பான நம்பிக்கை பரவலா இருக்கு, இந்த ஹிட்ச் மாட்டினா பேலோட் கூடிடும்னு. கூடாது. டிரெய்லர் ஆக்ஸிலுக்குப் போற அந்தக் கொஞ்சம் எடை, ஹிட்ச்சோட சொந்த இரும்பு எடைக்கே கிட்டத்தட்ட சரியாப் போயிடும். அதே மாதிரி பின் ஸ்பிரிங்ல ஏர் பேக் (காத்து அடைச்சு முட்டுக் குடுக்குற பை) போட்டுக்கிட்டா டிரக் பின்பக்கம் தாழாம நேரா நிக்கும், பாக்க நல்லா இருக்கும், ஆனா ஆக்ஸிலோ டயரோ பிரேக்கோ மாறல, ஸ்டிக்கர்ல இருக்குற நம்பரும் மாறல. டயர மாத்தி எல்டி டயர் (லைட் டிரக் டயர்), லோட் ரேஞ்ச் ஈ (அதிக பாரம் தாங்குற ரகம்) போட்டா பக்கச் சுவர் கெட்டியா இருக்கும், ஆட்டம் கொறையும், நல்ல விஷயம்தான், அதுவும் பேலோட மாத்தாது. டிரெய்லர் டயர் பத்தியும் ஒரு வார்த்தை, எஸ்டின்னு (ஸ்பெஷல் டிரெய்லர்) போட்டிருக்குற டயர்ல நிறைய 65 மைல் வேகத்துக்குத்தான் ரேட்டிங், மேற்கு டெக்சாஸ்ல ஐ-10 ஹைவேல ஸ்பீட் லிமிட் 80ன்னு போர்டு வெச்சிருக்குறது உங்களுக்கு இல்ல.

சரி, ஹாஃப் டன் பத்தலன்னா? அடுத்தது முக்கால் டன், 250, 2500ன்னு முடியுறது, அதுக்கு மேல ஒரு டன், 350, 3500. இங்கதான் இன்னொரு பொறி இருக்கு. முக்கால் டன் வண்டில பலதுக்கு ஜிவிடபிள்யூஆர், அதாவது ஆளும் சாமானும் சேத்து டிரக்கோட அதிகபட்ச எடை, 10,000 பவுண்டுலயே நிறுத்தியிருப்பாங்க, அதத் தாண்டினா அரசாங்க வகைப்பாட்டுல அடுத்த கிளாஸ் வண்டி ஆயிடும். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சின விட ரொம்ப கனம், அந்தக் கனம் முழுக்க பேலோட்ல இருந்துதான் போகுது. அதனால அப்படி 10,000ல நிறுத்தின, எல்லா சொகுசும் இருக்குற டீசல் 2500ல பேலோட் 2,000 பவுண்டு சுத்திதான் நிக்கும், அதே மாடல் பெட்ரோல் எஞ்சின்ல 3,000 கிட்ட இருக்கும். மேல போட்ட கணக்குல நமக்குத் தேவை 2,040. டீசல் எடுத்தா தொட்டுக்கோ தொடச்சுக்கோன்னு இருக்கும், பெட்ரோல் எடுத்தா தாராளம். இழுக்குற ரேட்டிங்ல டீசல் எங்கயோ இருக்கும், ஆனா உங்க தேவை அது இல்லயே.

டீசல் வேணாம்னு சொல்லல. கொலராடோல ஐ-70ல ஐசன்ஹோவர் டன்னல் 11,000 அடி ஒசரத்துக்கு மேல இருக்கு, டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் சக்திய இழக்கும், அங்க போய் சேரும்போது மூணுல ஒரு பங்கு போயிருக்கும். டன்னல் தாண்டி சில்வர்தோர்ன் பக்கம் எறங்குற 7 சதவீத சரிவுல டீசலோட எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சின் புகைய அடைச்சு வண்டிய மெதுவாக்குறது) தர்ற நிம்மதி வேற எதுலயும் கிடைக்காது, கால பிரேக்ல வெச்சுட்டே எறங்கினா பிரேக் சூடாகிப் பிடிக்காமப் போயிடும். வருஷத்துக்கு நாலு தடவ ராக்கி மலை ஏறப் போறீங்கன்னா டீசல் ஒரு டன்னுக்குப் போங்க. டெக்சாஸ், ஃபுளோரிடான்னு சமவெளிலயே சுத்தப் போறீங்கன்னா பெட்ரோல் முக்கால் டன் போதும், விலையும் கொறையும். ஒரு டன்ல ஜிவிடபிள்யூஆர் 10,000 தாண்டின வண்டிங்களுக்கு அந்த மஞ்சள் பட்டை ஸ்டிக்கர் கட்டாயம் இல்ல, அப்ப ஜிவிடபிள்யூஆர்ல இருந்து எடை மெஷின்ல வர்ற வண்டி எடைய நீங்களே கழிச்சுக்கணும்.

ஹாஃப் டன் வண்டியையே விட மனசில்ல, ஆபீஸ் போகவும் அதுதான்னு சொல்றவங்களுக்கு என் யோசனை, டிரெய்லர சின்னதாக்குங்க. ஜிவிடபிள்யூஆர் 6,000க்கு உள்ள 22, 23 அடில பங்க் பெட் வெச்ச டிரெய்லர் நல்லாவே கிடைக்குது. தண்ணி டேங்க காலியா வெச்சுட்டுப் போய் கேம்ப்கிரவுண்ட்ல ரொப்பிக்கலாம். ஆனா டேங்க் எங்க இருக்குன்னு பாத்துக்கங்க, ஆக்ஸிலுக்கு முன்னாடி இருந்தா காலி பண்ணும்போது டங் வெயிட் கொறையும், பின்னாடி இருந்தா கூடும். கூலரையும் ஜெனரேட்டரையும் டிரக் பெட்ல இருந்து எடுத்து டிரெய்லருக்குள்ள ஆக்ஸில் மேல வெச்சா டிரக்குல மிச்சமாகும். டிரக் பெட்டுக்குள்ளயே முன்பாகம் உக்கார்ற ஃபிஃப்த் வீல் டிரெய்லர பத்தி ஹாஃப் டன் வெச்சிருக்குறவங்க பெரும்பாலும் யோசிக்கவே வேணாம், அதுல 20 சதவீதம் வரைக்கும், சில சமயம் அதுக்கும் மேல டிரக் மேல உக்காரும், 12,000 பவுண்டு வண்டின்னா 2,400 ஆச்சு.

ஏற்கனவே ரெண்டையும் வாங்கிட்டீங்கன்னா கணக்குப் போட்டுட்டு இருக்காதீங்க, எடை போட்டுருங்க. ஹைவே ஓரத்துல பெரிய டிரக் ஸ்டாப்ல கேட் (CAT) ஸ்கேல்னு ஒரு எடை மேடை இருக்கும், பைலட், லவ்ஸ், ஃபிளையிங் ஜே எல்லா எடத்துலயும் பாக்கலாம், பதினஞ்சு டாலருக்கு அக்கம்பக்கம்தான் ஆகும், மறுபடி போட்டா அத விட ரொம்ப கம்மி. மேடைல மூணு பலகை தனித்தனியா இருக்கும், முன் சக்கரம் ஒண்ணுல, பின் சக்கரம் ஒண்ணுல, டிரெய்லர் சக்கரம் மூணாவதுல நிக்கிற மாதிரி நிறுத்தணும், பெரிய லாரிக்காரங்க பின்னாடி காத்திட்டிருப்பாங்க, பதட்டப்படாம ஒரு தடவ எறங்கிப் பாத்துக்கங்க, அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. குடும்பம் முழுக்க வண்டிலயே உக்காந்திருக்கணும், டிரக்கோட எரிபொருள் டேங்க் ஃபுல்லா இருக்கணும், டிரிப் போற சாமான் அத்தனையும் இருக்கணும், இல்லன்னா அந்த எடைக்கு அர்த்தம் இல்ல.

மூணு தடவ போடணும். டிரெய்லர மாட்டி, ஹிட்ச்சோட ஸ்பிரிங் கம்பியும் மாட்டி ஒண்ணு. கம்பிய மட்டும் கழட்டிட்டு ஒண்ணு. டிரெய்லர பக்கத்துல பார்க்கிங்ல கழட்டி விட்டுட்டு டிரக் மட்டும் ஒண்ணு. டிரக் மட்டும் 6,350 வருது, கம்பி இல்லாம டிரெய்லரோட போடும்போது டிரக்கோட ரெண்டு ஆக்ஸில் சேந்து 7,500 வருது, டிரெய்லர் சக்கரத்துல 7,700ன்னு வெச்சுக்குவோம். 7,500ல 6,350 போனா 1,150, அதுதான் உங்க நிஜமான டங் வெயிட். டிரெய்லர் மொத்த எடை 7,700ம் 1,150ம் சேத்து 8,850. பதிமூணு சதவீதம், டிரெய்லர் பக்கம் பாரம் சரியா ஏத்தியிருக்காங்க. ஆனா டிரக்கோட ஜிவிடபிள்யூஆர் 7,000ன்னா டிரக் 500 பவுண்டு தாண்டியிருக்கு. கம்பி மாட்டிப் போட்ட எடைச் சீட்ட எடுத்து முன் ஆக்ஸில் எடை, டிரக் மட்டும் இருந்தப்ப இருந்த எடைக்குப் பக்கத்துல திரும்பி வந்திருக்கான்னு பாருங்க, எவ்ளோ திரும்பணும்னு உங்க டிரக் மேனுவல் சொல்லும், வரலன்னா கம்பிய இன்னும் இறுக்கணும். பின் ஆக்ஸில் எடைய கதவு ஸ்டிக்கரோட ஒப்பிட்டுப் பாருங்க.

பிரேக் கன்ட்ரோலர் இல்லாம இந்த அளவு டிரெய்லர எடுத்துட்டு தெருமுனை கூட தாண்டாதீங்க. டிரெய்லர் சக்கரத்துல இருக்குற எலக்ட்ரிக் பிரேக்க டிரக்ல இருந்து இயக்குறது அதுதான், பல மாநிலங்கள்ல 3,000 பவுண்டுக்கு மேல போனா டிரெய்லருக்கு தனி பிரேக் சட்டப்படியே கட்டாயம். டேஷ்போர்டுல ஒரு சின்ன லீவர் இருக்கும், அத அழுத்தினா டிரெய்லர் பிரேக் மட்டும் பிடிக்கும். டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிச்சா ஆக்ஸிலரேட்டர்ல இருந்து கால எடுத்துட்டு, ஸ்டியரிங்க நேரா பிடிச்சுக்கிட்டு, அந்த லீவர மெதுவா அழுத்தணும், டிரக் பிரேக்க மிதிக்கக் கூடாது. வாங்கின மொத வாரம் காலியான பார்க்கிங் லாட்ல வீட்ல வண்டி ஓட்டுற எல்லாரும் அந்த லீவர் கைக்குப் பழகுற வரைக்கும் அழுத்திப் பாத்துக்கங்க.

டீலர்கிட்ட போகும்போது சேல்ஸ்மேன்கிட்ட பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டிரெய்லரோட எடது பக்க ஸ்டிக்கரையும், டிரக் கதவு ஸ்டிக்கரையும், ஹிட்ச் ரிசீவர் ஸ்டிக்கரையும் ஃபோட்டோ எடுத்துக்கங்க. சில்வராடோவுல 2019 மாடல்ல இருந்து கதவுலயே டிரெய்லர் விவரத்துக்குன்னு தனி ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க, அந்த வண்டிக்கான டங் வெயிட் அளவு, ஜிசிடபிள்யூஆர் எல்லாம் அதுலயே இருக்கும், மத்த கம்பெனி வண்டிக்கு அந்தந்த வருஷத்து டோயிங் கைட (இழுக்குற அளவு எல்லாம் போட்ட கையேடு) பாக்கணும், அதுல எஞ்சினும் ஆக்ஸில் ரேஷியோவும் உங்க வண்டியோடதான்னு சரிபாத்துக்கங்க, 3.55க்கும் 3.73க்கும் பெரிய வித்தியாசம் வரும். கலிஃபோர்னியால இருக்குறவங்க இன்னும் ரெண்டு விஷயம் பாக்கணும். அங்க டிரெய்லர் இழுத்துட்டுப் போற எந்த வண்டிக்கும் ஸ்பீட் லிமிட் 55 தான், டிராவல் டிரெய்லரோட ஜிவிடபிள்யூஆர் 10,000 தாண்டினா சாதாரண லைசன்ஸ் பத்தாது, கமர்ஷியல் இல்லாத கிளாஸ் ஏ லைசன்ஸ் எடுக்கணும், அதுக்கு டிரெய்லர மாட்டிக்கிட்டே ஓட்டிக் காட்டுற டெஸ்ட் இருக்கு.